முதலில் நீர்மட்டம், அப்புறம் பறவை

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே பைனாகுலரைத் துடைத்து வைப்பார்கள், கேமரா பேட்டரியை சார்ஜ் போடுவார்கள், நாலரை மணிக்கு அலாரம் வைப்பார்கள். அணை ஓரத்துப் புதர்க்காட்டுக்குப் போவதாக இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: செய்தித்தாளில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும் அணை நீர்மட்டத்தைப் பார்ப்பது. மேட்டூரின் முழு உயரம் 120 அடி. சாத்தனூர் 119, பவானிசாகர் 105, அமராவதி 90, வைகை 71. இந்த எண்ணுக்கு எத்தனை அடி கீழே அன்றைய மட்டம் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், கரையில் என்னென்ன இருக்கும் என்ற பட்டியலில் பாதியை வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம்.

கணக்கு எளிதுதான். ஆறோ ஓடையோ நீர்த்தேக்கத்துக்குள் வந்து சேரும் மேல்கோடி பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அங்கே தரை நூறு அடிக்கு ஓர் அடி வீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஓர் அடி இறங்கினால் நூறு அடி அகலத்துக்கு ஈரச்சேறு வெளியே வந்துவிடும். அணைச் சுவரை ஒட்டிய பக்கம் ஆழம் அதிகம், கரையும் செங்குத்து. அங்கே பத்து அடி இறங்கினாலும் கல்லும் பாறையும்தான் தெரியும். அணைச் சுவருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு நீர்க்காகத்தைப் பார்த்துவிட்டு ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் அணையின் தப்பான முனையில் நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மட்டம் முழு உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீர் புதர்க்காட்டுக்குள்ளேயே ஏறியிருக்கும். கருவேலமும் வெள்வேலமும் பாதி உடம்பு நீரில் நிற்கும். அப்போது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளானையும் உப்புக்கொத்தியையும் தேடுவது வீண். மூழ்கிய மரங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். சின்ன நீர்க்காகமும் கொண்டை நீர்க்காகமும் ஒரே கிளையில் இருக்கும். அடர்ந்த கிளைகளுக்குள் வக்காக்கள் கழுத்தை உள்ளிழுத்துத் தூங்கும். கருப்புவெள்ளை மீன்கொத்தி மட்டும் மரத்தை நம்பாது, நீருக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நின்று விழும்.

மட்டம் இறங்கத் தொடங்கினால் காட்சி மாறும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் அணைதான் நல்ல அணை. ஒவ்வொரு நாளும் புதிதாக ஓர் ஈரப்பட்டை வெளிவரும், மேல்மண்ணில் புழுவும் பூச்சிகளின் இளம்பருவமும் எட்டும் ஆழத்தில் இருக்கும். பாசனத்துக்கு ஒரேயடியாகத் திறந்துவிட்டால் வெளிவந்த சேறு இரண்டு மூன்று நாளில் ஓடாகக் காய்ந்துவிடும், அலகு உள்ளே இறங்காது. திடீரென்று நீர்வரத்து ஏறினாலோ அத்தனையும் மூழ்கும், நேற்று நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் இன்று வேறு ஏரியில் இருக்கும். ‘போன வாரம் அவ்வளவு இருந்ததே’ என்று புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சேற்றிலிருந்து தண்ணீரை நோக்கிப் பார்வையை ஓட்டும்போது காலின் நீளத்தை நினைவில் வைத்துக்கொண்டால் எங்கே எதைத் தேடுவது என்ற குழப்பம் வராது. தண்ணீர் தேங்காத ஈரமண்ணில் பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். விரல்கடை ஆழத்தில் கொசு உள்ளான் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டே போகும். அதற்கு அடுத்த பட்டையில் பொரி உள்ளானும் பச்சைக்காலியும். ஒரு சாண் ஆழம் வரை நெடுங்கால் உள்ளான். அதையும் தாண்டிச் சங்குவளை நாரை, கரண்டிவாயன். தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் வெளியே காட்டும் ஊசிவால் வாத்து நிற்கிற இடம் அடி மண் இன்னும் எட்டும் ஆழம் என்று பொருள். கூழைக்கடா நீந்துகிற இடத்தில் உள்ளானைத் தேடி ஸ்கோப்பை (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கியை) திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கோடையில் மட்டம் அடிமட்டத்துக்குப் போனபின் காய்ந்த படுகையில் புல் முளைத்துவிடும், மாடும் ஆடும் இறங்கும், சில இடங்களில் பயிரும் வைப்பார்கள். அப்போது அது நீர்த்தேக்கம் என்பதையே மறந்துவிட வேண்டும். புல்வெளிப் பறவைகளான நெட்டைக்காலி, வானம்பாடி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி ஆகியவற்றின் காலம் அது.

நீர்மட்டத்துக்கு அடுத்தது வெயிலின் திசை. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஒவ்வொரு இறகும் தெரியும். மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தகதகக்கும் தண்ணீரில் கரிய நிழலுருவங்கள்தான். உள்ளான்களில் பாதியை நிறத்தாலும் காலின் வண்ணத்தாலும் பிரிக்க வேண்டியிருப்பதால் இது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் முழு நடையையும் கெடுத்துவிடும். கிளம்புமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையைப் பார்த்து, காலைக்கு ஒரு கரை, மாலைக்கு எதிர்க்கரை என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு கரைதான் போக முடியும், அதுவும் மேற்குக் கரைதான் என்றால், மாலையில் போங்கள்.

காலை நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. என் கட்சி இது: விடியலைப் புதருக்குக் கொடுத்துவிட்டு, நீருக்கு எட்டு மணிக்கு மேல் வரலாம். நீர்ப்பறவைகள் பகல் முழுக்க அங்கேதான் இருக்கும். புதர்ப்பறவைகளோ சூரியன் ஏறியதும் வாயை மூடிக்கொண்டு நிழலுக்குள் போய்விடும். புதரில் குரலும் போய், அசைவும் போய்விட்டால் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. ஆனால் நீரை ஒன்பதரைக்கு மேல் தள்ளிப்போடவும் கூடாது. தரை சூடேறியதும் காற்று நெளியத் தொடங்கும், 40 மடங்கு பெரிதாக்கிய ஸ்கோப்பில் எல்லாம் அலையும். ஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு காற்றில் இருக்கிறது. உருப்பெருக்கத்தை 20க்குக் குறைத்தால் கொஞ்சம் தேவலை, அதுவும் போதவில்லையென்றால் அருகில் இருக்கும் பறவைகளோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

விடியலுக்கு அரை மணி நேரம் முன்னால் புதர்க்காட்டின் மண்பாதைக்கு வந்துவிட வேண்டும். இரவில் பூச்சி பிடிக்கும் பறவைகளான பக்கிகள் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கண் கனல்போல மின்னும், அருகே போகும்வரை எழாது. ஒரு பந்து குதித்துக் குதித்துக் கடைசியில் நடுங்கி அடங்குவதுபோலக் குரல் கேட்டால் அது இந்தியப் பக்கி. பனிக்காலமாக இருந்து, கொஞ்சம் நிழலும் சருகும் உள்ள மரச்சோலையும் பக்கத்தில் இருந்தால், விடிகிற நேரத்தில் ஆறுமணிக்குருவியின் இரண்டு சீழ்க்கை ஒலி கேட்கும். ஒரு முறை கூப்பிட்டுவிட்டுப் பகல் முழுக்கச் சருகு கிளறிக்கொண்டு பேசாமல் இருக்கும் பறவை அது. அதன் குரலைத் தவறவிட்டால் அன்றைக்கு அது இருந்ததே தெரியாமல் போய்விடும்.

வெளிச்சம் வந்தபின் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம். புதர்க்காட்டில் நடப்பதைவிட நிற்பதற்குத்தான் கூலி அதிகம். நிற்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: புதர் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்பு, உசில் மரங்களும் முள்ளும் கலக்கும் இடம், ஓடை குறுக்கிடும் பள்ளம், பழுத்த கல்லத்தி அல்லது ஆல். அங்கே ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், நாம் வந்த சத்தத்தில் அடங்கிய பறவைகள் மறுபடி வேலையைத் தொடங்கும். முதல் இரண்டு நிமிடத்தில் ஒன்றும் இல்லை என்று நகர்கிறவர்கள் சரியாகப் பறவை வெளிவரும் நேரத்தில் கிளம்புகிறார்கள்.

முள்ளிலும் வித்தியாசம் உண்டு. வெள்வேலம், குடைவேலம், உசில், சூரை, சங்கஞ்செடி, காரை எல்லாம் கலந்து வளர்ந்த காடு உயரத்துக்கு ஒரு பறவை வைத்திருக்கும். தரையில் கௌதாரியும் புதர்க்காடையும், முழங்கால் உயரத்தில் கருஞ்சிட்டு, இடுப்பு உயரத்தில் கதிர்க்குருவிகளும் மஞ்சள்கண் சிலம்பனும், முள் உச்சியில் செம்முதுகுக் கீச்சான், அதற்கு மேலே வெண்கண் வைரி. ஒரே சீராகச் சீமைக்கருவேலம் மட்டும் அடர்ந்த இடத்தில் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் சாம்பல் கதிர்க்குருவியும் இருக்கும், மற்றவை வேகமாகக் குறையும். நடைக்கு இரண்டு பாதை இருந்தால் கலப்புக் காட்டின் பாதையை எடுங்கள். கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய இடங்களைக் களை என்று தாண்டிவிட வேண்டாம். அதன் அடியில் சம்புக்கோழியும் கானாங்கோழியும் ஒதுங்கும். விளிம்பில் மடையான் கல்லாக நிற்கும்.

அடையாளம் காண்பதில் தடுமாற வைப்பவை எப்போதும் அதே சில கூட்டங்கள்தான். முதலாவது கதிர்க்குருவிகள். சாம்பல் கதிர்க்குருவி சுலபம்: தலையும் முதுகும் சாம்பல், வயிறு மங்கிய செம்மை, புதரிலிருந்து புதருக்குத் தாவும்போது ‘டக் டக்’ என்று சொடுக்கும் ஓசை. சாதாரணக் கதிர்க்குருவிக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம், நீண்ட வால், பூச்சி இரைவது போன்ற இடைவிடாத குரல். அதற்குப் புல்லும் ஈரமும் வேண்டும். காட்டுக் கதிர்க்குருவி கொஞ்சம் பெரியது, நிறம் அழுத்தமானது, அலகு தடிமன், குரல் உரக்க இருக்கும். அது வறண்ட முட்காட்டை விடாது. செப்டம்பருக்குப் பிறகு இவற்றோடு வலசை வரும் பழுப்பு நிறக் கதிர்க்குருவிகளும் சேரும். புதருக்குள்ளிருந்து ‘டச்… டச்’ என்று கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி வந்தால், வால் பெரிதாக நிமிராத, கோடில்லாத ஒரு பழுப்புப் பறவையைத் தேடுங்கள்: பிளைத் நாணல் கதிர்க்குருவி. மர உச்சியில் இலைகளுக்கிடையே துறுதுறுவென்று திரிந்து ‘ச்சிவீ’ என்று இரண்டு அசையில் கூப்பிடும் பச்சைக் கதிர்க்குருவி வேறு. இவை இரண்டையும் இருக்கும் உயரத்தை வைத்தே பாதிக்கு மேல் பிரித்துவிடலாம்.

நீர் விளிம்பில் தடுமாறுவது உள்ளான்களில். சாதாரண உள்ளானுக்குத் தோளுக்கு முன்னால் வெள்ளை மேலேறி வரும், அதைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் பார்க்க வேண்டாம். கூடவே பின்பாகம் ஓயாமல் ஆடும். எழும்போது நீருக்கு ஒட்டிச் சிறகை முழுதாக அடிக்காமல் விறைப்பாக வைத்துப் போகும். பொரி உள்ளானின் முதுகில் புள்ளிகள் தெளிவாக இருக்கும், கால் மஞ்சள் கலந்தது, எழும்போது மூன்று நான்கு முறை கூர்மையாகச் சீழ்க்கையடிக்கும். பச்சை உள்ளான் தனியாக, குட்டை ஓரத்தில் இருக்கும். முதுகு கிட்டத்தட்டக் கருப்பு, பறக்கும்போது பிட்டம் பளீர் வெள்ளை, சிறகின் அடிப்பக்கம் கரியது. பொரி உள்ளானுக்கும் பிட்டம் வெள்ளைதான், ஆனால் சிறகின் அடி வெளிறியது. ஆகவே எழுந்து பறக்கும் அந்த இரண்டு நொடியில் பார்க்க வேண்டியது சிறகின் அடிப்பக்கம். சின்ன உப்புக்கொத்திகளில் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் முழுக் கழுத்துப்பட்டையும் இருந்தால் பட்டாணி உப்புக்கொத்தி. பட்டை மார்பில் சேராமல் இரு பக்கமும் அறுந்து நின்றால், காலும் கருமையாக இருந்தால், கெண்டிஷ் உப்புக்கொத்தி.

கரிச்சான்களை எல்லாரும் ஒரே வரியில் ‘கரிச்சான்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மாட்டின் முதுகிலும் கம்பியிலும் இருப்பது கருங்கரிச்சான். பனிக்காலத்தில் உயரமான மரத்தின் காய்ந்த உச்சிக்கிளையில் சாம்பல் உடம்பும் சிவந்த கண்ணுமாக இருப்பது சாம்பல் கரிச்சான். காட்டுக்குள், நடுக்கிளையில் இருந்து வயிறு வெளுத்துத் தெரிந்தால் வெண்வயிற்றுக் கரிச்சான். கரிச்சானைக் கண்டால் கொஞ்சம் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மரக்காட்டில் மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, விசிறிவால் எல்லாம் ஒன்றாகத் திரியும் கலப்புக் கூட்டத்தைத் தொடர்ந்துதான் அது பெரும்பாலும் வரும். மற்றவை கலைக்கும் பூச்சியை அது பறந்து பிடிக்கும்.

கல்கௌதாரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் அலைவதால் பயனில்லை, நேரம் தெரிய வேண்டும். செவ்வயிற்றுக் கல்கௌதாரி பெரும்பாலும் காய்ந்த விதைகளையே தின்று வாழ்வதால் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாக, தொண்டைக்குள் உருட்டுகிற குரலோடு நீரை நோக்கி வரும். வந்த உடனே இறங்காது. சற்றுத் தள்ளி வெட்டவெளியில் இறங்கி நின்று பார்க்கும், பிறகுதான் நீர் விளிம்புக்கு வரும். குடிப்பது சில நொடிகள்தான். குஞ்சு இருக்கும் காலத்தில் ஆண் பறவை நீரில் வயிற்றை அழுத்தி ஆட்டுவதைப் பார்க்கலாம். வயிற்று இறகுகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரத்தைச் சுமந்துபோய்க் குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கும். வண்ணக் கல்கௌதாரியோ இருட்டிய பின்பும் விடியலுக்கு முன்பும்தான் நீருக்கு வரும், அதனால் காலை எட்டு மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எதுவானாலும் நாம் நீர் விளிம்பில் நின்றால் அவை இறங்காமல் வட்டமிட்டுத் திரும்பிவிடும். அன்றைய தண்ணீரை நாம் கெடுத்ததாகிவிடும். நூறு மீட்டராவது தள்ளி, புதரை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தாழ்ந்து உட்கார வேண்டும். புதருக்கு முன்னால் உட்கார்ந்தாலே போதும், உருவம் கரைந்துவிடும். மேட்டின் உச்சியில் வானத்துக்கு எதிராக நிற்பதுதான் பறவைக்குப் பயம்.

மார்ச் முதல் மே வரை நடக்கும்போது தரையைப் பார்த்து நடங்கள். ஆற்று ஆலாவும் உப்புக்கொத்திகளும் ஆள்காட்டிகளும் முட்டையிடுவது நீர் வற்றி வெளிவந்த திட்டுகளிலும் சரளைத் தரையிலும்தான். கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. மண்ணில் ஒரு சிறு குழி, சுற்றிச் சில கற்கள், கல்லிலிருந்து பிரிக்க முடியாத முட்டைகள். செம்மூக்கு ஆள்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தாலோ, உப்புக்கொத்தி சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினாலோ, நீங்கள் முட்டைக்குச் சில அடி தொலைவில் இருக்கிறீர்கள். அங்கேயே நின்று தேடக்கூடாது. வந்த வழியிலேயே பின்வாங்க வேண்டும். அந்த வெயிலில் பெற்றோர் பத்து நிமிடம் எழுந்து நின்றாலே முட்டை வெந்துவிடக்கூடும். ஆள்காட்டி வயிற்றை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமர்வது குளிர்விப்பதற்காகத்தான். கூட்டுக்கு முன்னால் மறைக்கும் கிளையைப் படத்துக்காக ஒடிப்பது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது, இரண்டையும் செய்யவே வேண்டாம். குரலைக் கேட்டு வரும் பறவை தன் எல்லையைக் காக்கச் சண்டைக்கு வருகிறது. அந்த நேரம் இரையும் போச்சு, காவலும் போச்சு.

கருவி என்று எடுத்தால் 8x42 பைனாகுலர் ஒன்று போதும்: 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 என்பது முகப்பு லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், அதுதான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம். 10x42இல் அது 4.2 ஆகக் குறைகிறது, விடியல் இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு, காட்சிப் பரப்பும் குறுகும். புதருக்குள் தாவும் கதிர்க்குருவியைப் பிடிக்க எட்டு மடங்கே வசதி. நீருக்கு மட்டும் போகிறவர் பத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

எந்தப் பைனாகுலரானாலும் இரண்டு கண்ணுக்கும் பொருத்தாமல் ‘மங்கலாகத் தெரிகிறது’ என்று குறை சொல்கிறவர்கள் ஏராளம். முதலில் இரு குழாய்களையும் மடக்கி விரித்து இரண்டு வட்டம் ஒரே வட்டமாகும்படி வையுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்குவளையை (கண் பதியும் வளையத்தை) உள்ளே திருகிவிட வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுக்க வேண்டும். இருபது முப்பது மீட்டரில் ஒரு முள்கிளையைத் தேர்ந்தெடுத்து, வலக்குழாயின் முகப்பைக் கையால் மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி முள் கூர்மையாகத் தெரியச் செய்யுங்கள். பிறகு இடக்குழாயை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குவளைக்குக் கீழே இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே முள்ளைக் கூர்மையாக்குங்கள். சில மாடல்களில் அந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், வேலை ஒன்றுதான். வளையம் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டால் பையில் உரசித் திரும்பிவிட்டாலும் உடனே சரிசெய்யலாம். பறவையைக் கண்டதும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த கிளை எது என்றே தெரியாது. லென்ஸில் தூசி விழுந்தால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். மணல்துகள் பூச்சைக் கீறும். முதலில் ஊதும் பல்பு, பிறகு மென்தூரிகை, கடைசியாக லென்ஸ் துணி.

ஆபத்துகளில் முதலில் சொல்ல வேண்டியது சேறு. வற்றிய படுகையின் மேல் ஓடு வெடித்துக் காய்ந்து உறுதியாகத் தெரியும், அடியில் வண்டல் கூழாக இருக்கும். வெடிப்புக்குள் நிறம் கருத்து ஈரம் தெரிந்தால் அதன்மேல் காலை வைக்க வேண்டாம். மாட்டின் குளம்புத்தடம் மேலோட்டமாகப் பதிந்த இடம் தாங்கும், தடம் ஆழக் குழிந்து நீர் தேங்கியிருந்தால் தாங்காது. கையில் ஒரு கழி இருந்தால் முன்னால் குத்திப் பார்க்கலாம். முழங்கால் வரை புதைந்துவிட்டால் காலை நேராக மேலே இழுக்காமல், பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னும் பின்னும் ஆட்டிச் சேற்றைத் தளர்த்தி எடுக்க வேண்டும்.

கல் குவியலிலும் சருகிலும் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும். கணுக்காலை மூடும் ஷூ, இருட்டில் டார்ச், உட்காருமுன் கல்லைச் சுற்றி ஒரு பார்வை, இவற்றில் சமரசம் கிடையாது. பேண்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் திணித்துவிட்டால் உண்ணித் தொல்லையும் குறையும். அமராவதி, சாத்தனூர் அணைகளில் முதலைகள் இருக்கின்றன. அங்கே நீர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து படம் எடுக்கும் ஆசை வேண்டாம். பவானிசாகரின் நீர்ப்பரப்பு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆகாது. அணைக் கட்டுமானத்தை நோக்கி ஸ்கோப்பையும் நீண்ட லென்ஸையும் திருப்பினால் காவலர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மதகுகளுக்குக் கீழே ஆற்றுப்படுகையில் நடப்பதைத் தவிர்த்துவிடுங்கள், நீர் திறக்கும் நேரம் நமக்குச் சொல்லிவிட்டு வராது.

பார்த்த பறவைகளைப் பட்டியல் போட இ-பேர்ட் என்ற இணையத்தளமும் ஆப்பும் வசதியானவை. புதருக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துப் போடுங்கள். நான்கு மணி நேரத்தை ஒரே பட்டியலில் அடைத்தால் எந்தப் பறவை எந்த வாழிடத்தில் இருந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. குறிப்புப் பகுதியில் அன்றைய நீர்மட்டத்தை அடிக்கணக்கில் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் இந்த ஜனவரியையும் அடுத்த ஜனவரியையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் அதே மாதம். மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொன்னால் அதைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள், பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துவிடும், ஆப் ‘வல்லூறு’ என்று காட்டும், நீங்களும் நம்பி எழுதிவிடுவீர்கள்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாத்துக் கூட்டத்தில் முதலில் பத்தை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்து போகலாம். பெரிய கூட்டமானால் பத்துத் துண்டு சேர்ந்து ஒரு நூறு. கூட்டத்தின் நடுப்பகுதி எப்போதும் விளிம்பைவிட நெருக்கமாக இருக்கும், ஆகவே அளவுத்துண்டை விளிம்பில் எடுத்தால் மொத்தம் குறைந்துபோகும், நடுவில் எடுத்தால் கூடிப்போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் எடுங்கள். இருவர் தனித்தனியாக எண்ணி, எண்ணி முடித்த பிறகு மட்டும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் இரண்டாமவரின் எண் தானாக முதலாமவரை நோக்கி நகரும். இடையில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்து அத்தனையையும் கிளப்பிவிட்டால் அதுவரை எண்ணியதை விட்டுவிடுங்கள். எல்லாம் இறங்கி அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அதன்பின் இடது ஓரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.